மீன் தொட்டி மீன்களின் நோய்க்குறிகள்: அறியப்பட்ட வரலாறு

தொட்டியில் வளரும் மீனுக்கு நோய் வந்திருப்பதை அதன் உடலிலும் நடத்தையிலும் தென்படும் மாற்றங்களைக் கொண்டு அறிவது நோய்க்குறி அறிதல் ஆகும். துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கி வைத்தல், கல்லிலும் மணலிலும் உடலை உரசுதல், நீர்ப்பரப்பில் வாய் பிளந்து நிற்றல், தீனியைத் தொடாமை, செதில்கள் சிலிர்த்து நிற்றல், தோலில் புள்ளியோ பஞ்சோ படர்தல் ஆகியன பரவலாக அறியப்பட்ட குறிகள். இவற்றைப் பார்ப்பதற்குப் பெரிய கல்வி தேவையில்லை. மீன் கடையில் வேலை செய்யும் சிறுவனும் சொல்லிவிடுவான். பார்த்த குறி எதைச் சொல்கிறது என்பதை அறியத்தான் நெடுங்காலம் பிடித்தது. நோய் மீனிலா, அது வாழும் நீரிலா என்ற கேள்வியே அந்தத் தாமதத்துக்குப் பெரிய காரணம். அந்த அறிவு வளர்ந்த கதையை இக்கட்டுரை சொல்கிறது.

மாடு நோயுற்றால் அசைபோடுவதை நிறுத்தும், ஆடு கூட்டத்திலிருந்து விலகிப் படுக்கும். மேய்ப்பவர் அன்றே கண்டுகொள்வார். மீனிடம் நாம் கேட்கக்கூடிய குரல் இல்லை. நலிந்ததாகக் காட்டிக்கொள்ளும் மீனைப் பெரிய மீன் முதலில் பிடித்துத் தின்றுவிடும் என்பதால், இயன்றவரை இயல்பாக நீந்துவதே அதன் இயற்கை. குறி நன்றாக வெளியே தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

மேலிருந்து பார்த்த காலம்

பொன்மீனை அழகுக்காக வளர்க்கும் வழக்கம் சீனாவில் சோங் அரச மரபின் காலத்தில் (960–1279) வேரூன்றியது. அக்காலக் கவிஞர் சூ ஷியின் பெயரில் வழங்கும் ஒரு குறிப்பு நூலில் மீன் நோய் பற்றிய செய்தி ஒன்று உண்டு. நூல் அவருடையதுதானா என்பதில் அறிஞர்களிடையே ஐயம் இருக்கிறது. செய்தி பழையது என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. மெலிந்துபோய் உடலில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றிய மீனுக்குப் பேன் பிடித்திருக்கிறது என்றும், ஒருவகை மரப்பட்டையை நீரில் போட்டால் அது தீரும் என்றும் அந்நூல் கூறுகிறது. இது இன்றைய வெண்புள்ளி நோயைக் குறிப்பதாக மீன்நோய் அறிஞர் பலர் கொள்கின்றனர். நுண்ணோக்கி இல்லாத காலத்தில், உடலில் ஒட்டி வாழும் ஓர் உயிரே நோய்க்குக் காரணம் என்று ஊகித்திருப்பது வியப்புக்குரியது. இந்தப் 'பேன்' என்ற சொல் பின்னால் மீண்டும் வரும்.

மிங் காலத்தில் பொன்மீன் குளத்திலிருந்து மண் தொட்டிக்கும் பீங்கான் பாத்திரத்துக்கும் வந்தது. சாங் சியான்டே என்பவர் 1596இல் சிவப்பு மீன்களின் வளர்ப்பு பற்றியே தனி நூல் எழுதினார். ஆனால் அந்தப் பாத்திரங்களில் மீனை மேலிருந்து மட்டுமே பார்க்க முடியும். முதுகின் நிறம், நீந்தும் வேகம், மேலே வந்து வாய் பிளப்பது ஆகியவை தெரியும். வயிற்றின் வீக்கமும் செவுளின் நிறமும் தெரியா. குறிகள் இருந்தும் பார்வைக் கோணம் அவற்றில் பாதியை மறைத்தது என்று சொல்லலாம்.

கண்ணாடி வந்த பிறகு

இங்கிலாந்தின் நாரிச் நகரைச் சேர்ந்த வில்லியம் ஆர்டரான் 1740களில் சிறு மீன்களைக் கண்ணாடிச் சாடியில் இட்டு அவற்றின் பழக்கங்களைக் கவனித்தார். அவர் தொழில்முறை அறிவியலாளர் அல்லர். ஓய்வு நேரத்தில் ஆராய்ந்தவர். தாம் கண்டவற்றை நுண்ணோக்கி வல்லுநர் ஹென்றி பேக்கருக்குக் கடிதங்களாக எழுதினார். 1748இல் இலண்டன் ராயல் சங்கத்தின் இதழில் வெளியான அவரது கடிதம் ஒன்று, மீனின் உடலில் பஞ்சுபோல் வளர்ந்த பூசணத்தை விவரிக்கிறது. மீன்களில் இந்தப் பூசணம் பற்றிய முதல் அறிவியல் பதிவாக அது கருதப்படுகிறது.

பஞ்சு கண்ணுக்குத் தெரிந்தது. அது நோயின் காரணமா, விளைவா? இக்கேள்வி ஒரு நூற்றாண்டுக்கும் மேல் காத்திருந்தது. 1870களின் இறுதியில் பிரிட்டிஷ் ஆறுகளில் சால்மன் மீன்கள் வெண்பஞ்சு படர்ந்து பெருமளவில் மடிந்தன. 1881இல் மீன்வள ஆய்வாளர் பதவிக்கு வந்தவர் டார்வினின் நண்பரான தாமஸ் ஹக்ஸ்லி. அவர் சால்மனின் தோலிலிருந்து எடுத்த பூசணத்தைச் செத்த ஈக்களின் மேல் இட்டுப் பார்த்தார். அது செழித்து வளர்ந்தது. நீரில் விழுந்து அழுகும் பூச்சிகளில் வாழும் சாப்ரோலெக்னியா என்ற பூசண இனமே மீனிலும் வளர்கிறது என்று 1882இல் அவர் காட்டினார். பூசணமே நோய்க்குக் காரணம் என்பது ஹக்ஸ்லியின் கருத்து. பிற்கால ஆய்வுகள் அதைச் சற்றுத் திருத்தின. காயம்பட்ட, குளிரால் அடிபட்ட, வேறு நோயால் நலிந்த தோலில்தான் இந்தப் பூசணம் பெரும்பாலும் பற்றுகிறது. எந்த நீரிலும் அதன் வித்துகள் மிதந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆகவே தொட்டி மீனின் மேல் பஞ்சைக் காண்பவர், அந்த இடத்தில் முதலில் புண் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். வலையில் சிக்கியதா, வேறு மீன் கடித்ததா, கூரான கல் கிழித்ததா என்று.

தந்தையும் மகனும்

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பெயர் ஒன்றாக இருப்பதால் பலரும் இருவரையும் ஒருவராகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இலண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1849இல் சுமார் 12 காலன் நீர் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் இரண்டு சிறு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். செடியின் பழைய இலைகள் அழுகி நீர் கலங்கியது. குளத்து நத்தைகளைச் சேர்த்தார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது, செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்கிறது, கழிவை நத்தை தின்கிறது, எல்லாம் சமநிலையில் நிற்கிறது என்று 1850இல் அவர் வெளியிட்ட கட்டுரை பெரும் கவனம் பெற்றது. 1853இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு உயிரினங்களைத் திரட்டித் தந்தவர்களில் ஒருவரான பிலிப் ஹென்றி காஸ் 1854இல் எழுதிய நூலின் வழியே 'அக்வேரியம்' என்ற சொல் வீட்டுக்கு வீடு பரவியது. அந்த அலை உலகெங்கும் சென்றது. சென்னை மெரினா கடற்கரையிலும் 1909இல் ஒரு மீன்காட்சியகம் எழுந்தது.

சமநிலைக் கோட்பாடு பாதி உண்மை. அதை முழு உண்மையாக நம்பி, செடி இருந்தால் போதும் என்று நீரை மாற்றாமல் விட்ட தொட்டிகளில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. ஆக்சிஜன் குறைவு என்றே எல்லோரும் எண்ணினர். பல நேரம் அது சரியே. ஆனால் மீன் தன் செவுள் வழியே கரியமிலவாயுவை மட்டுமா வெளியேற்றுகிறது? அம்மோனியாவையும் அல்லவா விடுகிறது? அதற்கு என்ன ஆகிறது என்பது வாரிங்டனின் கணக்கில் இல்லை.

அந்த விடையைத் தேடியவர்களில் ஒருவர் அவருடைய மகன். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். அவர் மீனுக்காக அதைத் தேடவில்லை. ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மண்ணின் வளத்துக்காகத் தேடினார். மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது நுண்ணுயிர்களின் வேலை என்று பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் ஆகிய இருவரும் 1877இல் காட்டியிருந்தனர். இளைய வாரிங்டன் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து, மாற்றம் இரண்டு படிகளில் நடக்கிறது என்று கண்டார்: அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகிறது, பிறகு நைட்ரைட் நைட்ரேட்டாகிறது. அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுக்கும் பேறு 1890இல் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கிக்குக் கிடைத்தது. தந்தை தொட்டியை உருவாக்கினார். அந்தத் தொட்டியில் மீன் ஏன் செத்தது என்பதற்கான விடையில் பாதியை மகன் வயலில் கண்டெடுத்தார். இரண்டையும் இணைத்துப் பார்க்கும் பழக்கம் மீன் வளர்ப்போரிடம் பரவ இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 1949இல் அமெரிக்க மீனியலாளர் ஜேம்ஸ் ஆட்ஸ், 'சமநிலைத் தொட்டி' ஒரு கட்டுக்கதை என்று தலைப்பிலேயே சொல்லும் கட்டுரை ஒன்றை எழுத வேண்டியிருந்தது.

இந்த அறிவு ஒரே குறியை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தது. எல்லா மீன்களும் ஒரே நேரத்தில், பெரும்பாலும் விடியற்காலையில், மேலே வந்து வாய் பிளந்தால் ஆக்சிஜன் குறைவை முதலில் நினைக்கலாம். இரவில் செடியும் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. புதிதாக அமைத்த தொட்டியில் முதல் சில வாரங்களுக்குள் அப்படி நிகழ்ந்தால், நல்ல நுண்ணுயிர்கள் இன்னும் பெருகாத நிலையில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ ஏறியிருக்கலாம். அம்மோனியா செவுளை அரிக்கும். நைட்ரைட் இரத்தத்தைப் பழுப்பாக்கி அது ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும். நீரில் காற்று நிறைந்திருந்தும் மீன் திணறும். ஒன்றிரண்டு மீன்கள் மட்டும் திணறினால் அவற்றின் செவுளில் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். முதல் இரண்டிலும் மருந்து ஊற்றுவது வீண். சில மருந்துகள் நல்ல நுண்ணுயிர்களையும் கொன்று நிலைமையை மோசமாக்கும். நீரில் ஒரு பகுதியை மாற்றுவதே வைத்தியம். குழாய் நீரானால் குளோரினை நீக்கிய பிறகு ஊற்ற வேண்டும்.

பள்ளி ஆய்வகத்தில் தொட்டி வைத்திருந்த ஆண்டுகளில் மாணவர்களிடம் கடிகாரத்தைக் கொடுத்து, செவுள் மூடி நிமிடத்துக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணச் சொல்வதுண்டு. எல்லா மீனுக்கும் பொதுவான எண் என்று ஒன்று இல்லை. இனத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப அது மாறும். நம் தொட்டியில் நலமாக இருக்கும் நாளில் எண்ணிக் குறித்து வைத்திருந்தால்தான் மாறிய நாளில் அது குறியாகும்.

வெண்புள்ளியும் மீன்பேனும்

தொட்டி மீன்களின் நோய்களில் மிகப் பரவலானதும் மிக விரிவாக ஆராயப்பட்டதும் வெண்புள்ளி நோயே. ஜெர்மனியின் ஹாம்பர்க் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்காட்சியகப் பொறுப்பில் இருந்த ஃபிரான்ஸ் ஹில்கெண்டார்ஃபும் பாலிக்கி என்ற மருத்துவரும் 1869இல் நன்னீர் மீன்களின் தோலில் வாழும் ஓரணு உயிரியைப் பற்றி எழுதினர். 1876இல் பிரான்சைச் சேர்ந்த ஃபூக்கே அதன் வாழ்க்கையை விவரித்து, இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் முதற்சொல்லின் பொருள் மீன்பேன். இரண்டாவது சொல் இலத்தீன். பல பிள்ளைகளை உடையது என்று பொருள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் சீன நூல் சொன்ன அதே பேன், அந்நூலை அறியாத ஒருவர் கையால் மீண்டும் பெயர் பெற்றது.

பெயரின் இரண்டாம் பகுதியில்தான் நோயின் சூட்சுமம் இருக்கிறது. தோலில் தெரியும் உப்புக்கல் போன்ற ஒவ்வொரு புள்ளியும், தோலின் மேலடுக்குக்குக் கீழே புகுந்து தின்று வளரும் ஓர் உயிரி இருக்கும் இடம். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரை வளர்ந்ததும் அது மீனை விட்டு நீரில் இறங்கி, மணலிலோ கண்ணாடியிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. கூட்டுக்குள் அது பிரிந்து பிரிந்து சில நூறு, சில வேளை ஆயிரம் குஞ்சுகளாகிறது. அவை வெளியே வந்து ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைக் கண்டுபிடித்துத் தோலைத் துளைக்க வேண்டும், இல்லையேல் மடியும். நம் ஊர் வெப்பத்தில் இச்சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். குளிர்ந்த நீரில் பல வாரங்கள் ஆகும்.

இதை அறியாதவர் எப்படி ஏமாறுவார் என்று பாருங்கள். திங்களன்று புள்ளிகளைப் பார்க்கிறார், மருந்து ஊற்றுகிறார். புதனன்று புள்ளிகள் மறைந்துவிடுகின்றன. நோய் தீர்ந்தது என்று மருந்தை நிறுத்துகிறார். உண்மையில் தோலுக்கு அடியில் இருந்தவற்றை மருந்து தொடவே இல்லை; வளர்ந்து முடித்த உயிரிகள் தாமாகவே இறங்கிக் கூடு கட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்த வாரம் புள்ளிகள் பத்து மடங்காகத் திரும்புகின்றன, இம்முறை செவுளிலும் ஏறுகின்றன, தொட்டி காலியாகிறது. புள்ளி மறைவது நோய் தீர்ந்ததற்கான குறி அன்று என்பதே ஃபூக்கேயின் ஆய்வு மீன் வளர்ப்போருக்குத் தந்த பெரும் பயன். நீரில் நீந்தும் குஞ்சுகள் மட்டுமே மருந்துக்கு அகப்படும் என்பதால், கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் சிகிச்சை தொடர வேண்டும்.

புள்ளி தோன்றுவதற்கு முன்பே வேறு குறிகள் வருவதுண்டு. மீன் திடீரென்று பக்கவாட்டில் பாய்ந்து கல்லில் உரசும், துடுப்பை மடக்கும். இன்னொரு பக்கம், வெண்புள்ளி எல்லாமே நோயன்று. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பொன்மீனின் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் வரிசையாக வெண்மொட்டுகள் தோன்றும். அது பருவத்தின் அடையாளம். பாவம், அதற்கும் மருந்து ஊற்றி மீனை வதைப்பவர்கள் உண்டு.

பிழைத்த மீனுக்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் வருவதை 1910இல் புஷ்கீல் என்பவர் குறித்தார். ஜெர்மனியில் புரூனோ ஹோஃபர் 1904இல் மீன் நோய்களுக்கென்றே ஒரு கையேட்டை வெளியிட்டிருந்தார். மீன்நோயியல் தனித் துறையானது அதன் பிறகே. மருந்துகளில் உப்பு பழையது. மாலகைட் பச்சை என்ற துணிச்சாயம் மீன்களின் பூசணத்துக்கு மருந்தாகும் என்று 1936இல் ஃபாஸ்டர், உட்பரி ஆகிய இருவரும் எழுதினர். பின்னர் அது வெண்புள்ளிக்கும் பயன்பட்டது. அதன் நச்சுத்தன்மை தெரிந்தபின், உண்ணும் மீன்களில் அதைப் பயன்படுத்தப் பல நாடுகள் தடை விதித்தன.

பொன்தூளும் மங்கிய நீலமும்

1924இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் புதிய மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே கடல் மீன்களைக் கூட்டமாகக் கொன்ற ஒரு செவுள் ஒட்டுண்ணியை 1931இல் பிரவுன் என்ற ஆய்வாளர் விவரித்தார். அதன் உறவான நன்னீர் ஒட்டுண்ணி மீனின் மேல் பொன்தூள் தூவியதுபோல் தெரியும். ஆங்கிலத்தில் இதை வெல்வெட் நோய் என்பார்கள். நேர்வெளிச்சத்தில் இது தெரியாது. அறையை இருட்டாக்கிப் பக்கவாட்டில் கைவிளக்கை அடித்தால் பளபளக்கும்.

1936இல் அறிவியல் பெயர் பெற்ற அமேசான் மீனான நியான் டெட்ரா, சில ஆண்டுகளிலேயே உலகின் தொட்டிகளை நிறைத்தது. நோயும் உடன் வந்தது. அதன் நீலச் சிவப்புக் கோடுகள் இடையிடையே வெளிறி, தசை வெண்மையாகித் தேய்வதற்குக் காரணமான நுண்ணிய ஒட்டுண்ணியை 1941இல் ஜெர்மானியரான ஷேப்பர்கிளாஸ் விவரித்தார். நம்பத்தக்க மருந்து இன்றளவும் இல்லை. நோயுற்ற மீனைப் பிரிப்பதே வழி. ஆனால் நலமான நியான் டெட்ராவும் இருட்டில் நிறம் மங்கிவிடும். விளக்கைப் போட்டதும் பார்த்து அலறக் கூடாது. சற்றுப் பொறுத்தால் நிறம் திரும்பும். திரும்பாத திட்டு எஞ்சினால்தான் கவலை.

மனிதரைத் தொடும் நோய்

மெலிந்து வயிறு ஒட்டுதல், முதுகு வளைதல், ஆறாத புண் ஆகிய குறிகளோடு மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக மீன்கள் இறப்பது மீன் காசநோயாக இருக்கலாம். மீனில் காசநோய்க் கிருமியின் உறவினம் ஒன்று இருப்பதை 1897இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கெண்டை மீனில் கண்டனர். 1926இல் அமெரிக்காவில் அரான்சன், பிலடெல்ஃபியா மீன்காட்சியகத்தில் இறந்த கடல் மீன்களிலிருந்து மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமியைப் பிரித்தெடுத்தார். பின்னர் சுவீடனில் ஒரு நீச்சல் குளத்துக்குச் சென்றவர்களின் முழங்கையிலும் முழங்காலிலும் ஆறாத கட்டிகள் வந்தன. அங்கே கிடைத்த கிருமிக்கு வேறு பெயர் சூட்டினர். பிறகுதான் இரண்டும் ஒன்றே என்று தெளிந்தது. 1962இல், மீன் தொட்டியால் ஏற்பட்ட சிராய்ப்பின் வழியே இதே நோய் தோலில் வந்ததை அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது.

மனித உடலின் உள்வெப்பம் இக்கிருமிக்கு அதிகம். அதனால் பெரும்பாலும் குளிர்ந்த பகுதிகளான கை கால்களின் தோலோடு நின்றுவிடுகிறது. ஆயினும் குணமாக மாதங்கள் ஆகும். மருத்துவரிடம் மீன் தொட்டி வைத்திருப்பதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் கட்டி என்று வேறு மருந்துகள் கொடுக்கப்பட்டு நாள் கடந்துவிடும். கையில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் உறை அணிந்தே தொட்டியில் கைவிட வேண்டும். தொட்டி நீரைக் குழாயில் வாயால் உறிஞ்சி இறக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது.

குறி காட்டாத மீன்

வரிக்குதிரை மீனை முதலில் விவரித்தவர் கங்கைப் பகுதி மீன்களைப் பற்றி 1822இல் நூல் வெளியிட்ட ஃபிரான்சிஸ் ஹாமில்டன். நம் நாட்டு ஓடைகளின் இந்தச் சிறு மீன், 1981இல் ஜார்ஜ் ஸ்டிரைசிங்கரின் ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் மரபணு ஆய்வகங்களில் இடம்பிடித்தது. கடையில் வாங்கிய வரிக்குதிரை மீன்களில் 1980இல் ஒரு நரம்பு ஒட்டுண்ணி காணப்பட்டது. 2001இல் அதற்குச் சூடோலோமா என்று பெயரிட்டனர். சில மீன்கள் மெலிந்து முதுகு வளைகின்றன. பெரும்பாலானவை எந்தக் குறியும் காட்டுவதில்லை. ஆனால் அவை திடுக்கிடும் விதமும் கூட்டமாக நீந்தும் விதமும் மாறுகின்றன என்று ஆய்வுகள் காட்டின. மீனின் நடத்தையை அளந்து அதிலிருந்து மனித நோய்களைப் பற்றி முடிவு சொல்லும் ஆய்வகங்களுக்கு இது சிறிய செய்தியன்று. ஆகவே இன்று பல ஆய்வகங்கள் மீனின் தோற்றத்தை மட்டும் நம்புவதில்லை. வெளியிலிருந்து வரும் மீன்களைத் தனியே வைக்கின்றன, மாதிரி மீன்களின் திசுவையும் மரபணுவையும் சோதிக்கின்றன.

வீட்டுத் தொட்டிக்கு மரபணுச் சோதனை எட்டாது. தனியே வைப்பது எட்டும். வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூரில் வாங்கினாலும், பக்கத்துத் தெருக் கடையில் வாங்கினாலும், ஆக்சிஜன் அடைத்த பையில் வரும் மீன் பயணத்தால் நலிந்தே வருகிறது. அதைப் பழைய மீன்களோடு உடனே விடாமல், வேறு பாத்திரத்தில், வேறு வலையோடு மூன்று நான்கு வாரங்கள் வைத்துப் பார்ப்பதை மீன்நோய் வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். நம் வெப்பநிலையில் வெண்புள்ளியின் சுற்று அந்த இடைவெளிக்குள் பலமுறை முடிந்துவிடும். உள்ளே ஒளிந்திருந்தால் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். காசநோய்க்கு அந்தக் கால அளவு போதாது.